மேவிஸின் பெஞ்சு

டன்ஸ்பரியில் பேருந்தை விட்டு இறங்கிய கிளிஃபர்ட், சந்தைத் திடலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். செத்துப்போன மனைவியின் பெயர் பதித்த பெஞ்சில் யாரோ இருவர் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள்.

டன்ஸ்பரிக்குப் பெருமை அதிகம். எந்தக் காலத்திலோ ஓர் அரசர் இங்கே ஒரே ஒரு ராத்திரி தூங்கினாராம். எங்கள் விடுதியில்தான் என்று மூன்று விடுதிகள் பலகை மாட்டியிருக்கின்றன. பாவம், ராத்திரி முழுக்கப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பார் என்பாள் மேவிஸ். ஆடு விற்ற திடலில் இப்போது வாசனைச் சோப்பு விற்கிறார்கள். கல்யாண நாள்தோறும் இருவரும் வருவார்கள். "நீ போய் உன் சர்ச் தூணையெல்லாம் தடவிட்டு வா. நான் மனுஷங்களைப் பாக்கறேன்" என்று அவள் அந்தப் பெஞ்சில் சாய்ந்துவிடுவாள். அவள் போனபின் அங்கே ஒரு பித்தளைத் தகடு பதிக்க அனுமதி கேட்டார். நகர மன்றக் குழு கூடி, 'நித்திய அமைதியில்' என்று ஏதாவது கண்ணியமாகப் போடலாமே என்று கனைத்தது. கிளிஃபர்ட் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடிவாதம் பிடித்தார். தகட்டில் இப்படி இருந்தது: 'மேவிஸ் ஹாப்குட். வேடிக்கை பார்த்தவள்.'

வியாழக்கிழமை மகன் கிரஹாம் அவரை வடக்கே, தன் ஊர் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகிறான். இனி இங்கே வர முழங்கால் விடாது. இன்று ஒருமுறை அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும்.

சோப்புக் கடையைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். வறுவல் தீர்ந்தது, அவர்கள் எழவில்லை. ஊர் திரும்பும் பேருந்து கிளம்பும் நேரம் நெருங்க, மெல்லப் பக்கத்தில் போய் நின்றார்.

"உக்காரணுமா பெரியவரே?" என்றாள் அந்தப் பெண். "ட்ரெவர், நகரு. பெஞ்சு என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். நீங்க இருங்க. நான் சும்மா அப்படியே... மன்னிச்சுக்கங்க."

காலை மிதித்தவன் வாய் திறக்குமுன் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கும் தேசம் அது. கிளிஃபர்ட் எண்பது வருஷமாகத் தவறாமல் கேட்டு வந்தவர். அது என் பெண்டாட்டி என்று நெஞ்சு கத்தியது. வாயில் வந்ததோ வேறு.

"வெயில் நல்லா இருக்கு, இல்ல?"

"மழை வரும்னாங்க" என்றார் ட்ரெவர்.

"ஆமா. வரும்னாங்க."

"நிக்கத்தான நிக்கிறீங்க, ஒரு படம் எடுத்துக் குடுங்களேன்" என்று அந்தப் பெண் போனை நீட்டினாள்.

திரையில் இரண்டு தோள்களும் ஒட்டிக்கொண்டு தகட்டை மறைத்தன.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"முப்பது வருஷமா தள்ளி உக்காருன்னு கத்தறேன், கேக்கல. உங்க பேச்சைக் கேக்கறாரு பாருங்க!"

இடைவெளியில் மேவிஸ் மின்னினாள். கிளிஃபர்ட் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எடுத்தாச்சா பெரியவரே?"

"இதோ... இன்னும் ஒண்ணு."

போனை வாங்கிப் பார்த்தாள். "அழகா வந்திருக்கு. நடுவுல என்னமோ எழுதியிருக்கே?"

"அழிச்சுடலாம் வெண்டி. இப்பல்லாம் விரலால தேச்சா போயிடும்" என்ற ட்ரெவர், எண்ணெய்ப் பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். இருவருக்கும் நடுவே வெறும் மரப்பலகை. அதைக் கிளிஃபர்டின் முகத்துக்கு நேரே காட்டினார். "பாருங்க. சுத்தமா இல்ல?"

"சுத்தமா இருக்கு" என்றார் கிளிஃபர்ட். பிறகு, "நன்றி" என்றார்.

பேருந்து ஒலி எழுப்பியது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி திடலைச் சுற்றித் திரும்பியபோது அந்த இருவரும் மடியிலிருந்த உப்பைத் தட்டிவிட்டுச் சோப்புக் கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். பெஞ்சு முழுசாகக் காலியாக இருந்தது. ஒரு புறா அதில் வந்து இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, நடுவில் உட்கார்ந்தது.