துரையைக் கடத்திய காலை

ஆட்டைத் திருடிவிடலாம் என்று என் அக்கா லோகேஸ்வரி சொன்னபோது, நான் ஒரு வாடிக்கையாளரின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் காதில் எதுவுமே விழாதது போல் கண்ணை மூடிக்கொண்டார். சுங்கைப் பட்டாணியில் அழகு நிலையம் நடத்துபவளுக்கு இந்த மாதிரி நல்ல வாடிக்கையாளர்கள்தான் சொத்து.

"திருட்டுன்னு ஏன்டி சொல்றே?" என்றாள் அக்கா, அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன் என்பது போல. "ஒண்ண எடுத்துட்டு ஒண்ண வைக்கப் போறோம். அவ்ளோதான் லா."

ஆடு அவளுடையதுதான். பெயர் துரை. காலையில் எழுந்ததும் பூச்சட்டிகளைச் சுற்றி மெதுவாக நடந்து ஒவ்வொன்றாகப் பார்வையிடும். வேலை சரியில்லாத சட்டியிலுள்ள செடியைத் தின்றுவிடும். அதனால் அந்தப் பெயர். உடம்பு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகன் புவனேசன் பாலிங் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். இனி நடப்பானா என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரியில் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அத்தான் அப்பளசாமி நேரே நாலாங்கட்டைத் தோட்டத்துக் கோயிலுக்குப் போய், பையன் எழுந்து நடந்தால் ஒரு கிடா வெட்டுகிறேன் என்று முனீஸ்வரரிடம் நேர்ந்துகொண்டார். அந்த வாரமே ஒரு குட்டியையும் வாங்கி வந்தார், அதுதான் துரை. புவனேசன் படுக்கையில் கிடந்த மாதங்களில் அந்தக் குட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவன் கைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக நடந்தபோது, அது அவனுக்கு முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தது. இப்போது அவன் பினாங்கில் வேலை செய்கிறான், நன்றாகவே நடக்கிறான். சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. இனி நாங்கள் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

"குடுக்காட்டி பையனுக்கு ஏதாச்சும் ஆயிரும். குடுத்தா என்னால தாங்க முடியாதுடி," என்றாள் அக்கா. அவள் ஒன்றும் கறி தின்னாதவள் அல்ல. தீபாவளிக்கு அவள் வைக்கும் ஆட்டுக்கறிக்கு அவள் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் ரசிகர்களே உண்டு. துரை மட்டும் வேறு.

"அத்தான்கிட்ட சொல்லேன்."

"சாமி காரியம்னா அவரு மூஞ்ச பாத்திருக்கியா? ஒரு வாரமா கொட்டாய்க்குப் பூட்டு போட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திருக்காரு. காவல் காக்குறாராம்."

அது உண்மை. அத்தான் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை அவரே ஆட்டைக் கொண்டுபோய்க் கோயிலில் கட்டிவிடுவார். மறுநாள் மதியம் பூசை. ஆக, மாற்றுவதென்றால் திருவிழாக் காலையில், கோயிலில் வைத்துத்தான் மாற்ற முடியும். இந்தத் திட்டம் போட்டவள் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கும் ஐம்பது வயதுப் பெண்மணி. வாழ்நாளில் அவள் சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டியது கிடையாது.

என் கடையில் வேலை செய்யும் ஷிரீனும் சேர்ந்துகொண்டாள். சாயம் கலப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரி இந்த ஊரில் இல்லை. பாலிங் பக்கம் ஆடு வளர்க்கும் ஜபருல்லா அவளுக்கு மாமா. வியாழக்கிழமை மூன்று பேரும் அவர் கொட்டகைக்குப் போனோம்.

"கறுப்பு வேணுமா? நெத்தியில வெள்ளையோட ஒண்ணு இருந்துச்சு. நேத்துதான் ஒருத்தர் புடிச்சு வச்சிட்டாரு," என்றார் ஜபருல்லா.

"யாரு பாய்?"

"யாவாரத்துல அதெல்லாம் சொல்றதில்ல, தங்கச்சி."

மிச்சம் இருந்ததில் துரையின் உயரத்துக்குப் பொருந்தியது ஒன்றுதான். அது பழுப்பு. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஷிரீனும் பார்த்தாள். ஆடுகூடப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் அதையே வாங்கினோம், சனிக்கிழமை கடையை மூடினேன். சனிக்கிழமை அழகு நிலையத்தை மூடினால் ஊருக்கே சந்தேகம் வரும் என்பது வேறு விஷயம்.

நல்ல சாயம் என்னிடம் இருந்தது. போட்டால் இரண்டு மாதத்துக்கு அசையாது. அக்கா விடவில்லை. "அது காட்டமா இருக்குடி. தோலு எரியும், பாவம்." நாளைக்கு வெட்டப்போகிற ஆட்டுக்குத் தோல் எரியக் கூடாதாம். கடைசியில் மூலிகைச் சாயம் என்று ஒன்றை எடுத்தோம். பூசிய பிறகு மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆடு தலைக்குக் குளிக்கவா போகிறது என்று நான் கேட்டேன். ஷிரீன் கையுறை போட்டுக்கொண்டு காது மடல்வரை பூசினாள். ஆடு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. எத்தனையோ மணப்பெண்களைவிட அது பொறுமைசாலி. நெற்றிக்கு விபூதியைக் குழைத்து அப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை, திருவிழாக் காலையில், அக்காவின் பள்ளி வேன் நாலாங்கட்டைத் தோட்டத்துக்குள் போனது. கரகம் எடுக்க ஊரே மேளத்தோடு ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. கோயிலுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடியில் நாலைந்து ஆடுகள் கட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் முகத்தில் மஞ்சள், குங்குமம், கழுத்தில் வேப்பிலை மாலை.

"நீலக் கயித்துல கட்டியிருப்பாரு. லாரிக் கயிறு," என்றாள் அக்கா. அவள் வேனை விட்டு இறங்கவில்லை. அவள் தலையைப் பார்த்தால் துரை கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஆகவே நானும் ஷிரீனும் போனோம்.

நீலக் கயிற்றில் கறுப்பு ஆடு நின்றது. கயிற்றை அவிழ்த்து எங்கள் ஆட்டுக்குக் கட்டினோம், மாலையை மாற்றினோம், மஞ்சளை அள்ளி அப்பினோம். எங்கள் ஆடு உடனே மாலையைத் தின்ன ஆரம்பித்தது. பொங்கல் பானைப் பக்கமிருந்து பிச்சையம்மாள் என்ற கிழவி எட்டிப் பார்த்தார்.

"ஆட்ட எங்கம்மா ஓட்டிட்டுப் போறீங்க?"

"அதுக்கு மயக்கமா வருதாம், பாட்டி. கொஞ்சம் காத்து வாங்கட்டும்," என்றாள் ஷிரீன்.

"பாவம். சுடுதண்ணி குடுங்க," என்று சொல்லிவிட்டுக் கிழவி அடுப்பைப் பார்க்கத் திரும்பினார்.

அவ்வளவுதான். வேனின் பின்கதவைத் திறந்து ஏற்றினோம். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினாள். பார்த்தால் அழுதுவிடுவாளாம். நானும் ஷிரீனும் சிரித்துக்கொண்டே வந்தோம். ஆடு, எந்தப் பிள்ளையோ மறந்துவிட்டுப் போன தொப்பியைத் தின்றுகொண்டே வந்தது.

பாக்கார் ஆராங்கில் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, அக்கா மேரி பிஸ்கட்டோடு பின்கதவைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இது யாருடி?"

"துரை."

"துரைக்கு இடது காது கிழிஞ்சிருக்கும். இதுக்கு எங்கடி கிழிஞ்சிருக்கு?" பிஸ்கட்டை நீட்டினாள். ஆடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "துரை பிஸ்கட்ட வேணாம்னு சொல்லுமா? யாரு வீட்டு ஆட்டையோ தூக்கிட்டு வந்துட்டீங்க. எம்புள்ள அங்கயே நிக்கிறான்டி."

எங்கள் சிரிப்பு அதோடு போனது. யாரோ நேர்ந்துவிட்ட ஆடு எங்கள் வேனில், துரை இன்னும் கோயிலில். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பி ஓட்டும்போது, அன்றுதான் அக்கா முதன்முதலாகச் சிவப்பு விளக்கைத் தாண்டினாள்.

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. செம்பனையடியில் மூன்று தடவை தேடினோம், துரை இல்லை. முன்னால் ஒரே சத்தமாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். வெட்டுவதற்கு முன்னால் ஆட்டுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அக்காவும் அந்த நேரத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறவள்.

அத்தான் கையில் வாளி. காலடியில் கறுப்புத் தண்ணீர். எதிரே பாதி கறுப்பும் பாதி பழுப்புமாக எங்கள் ஆடு.

"என்னய்யா அப்பளசாமி, ஒன் ஆடு வெளுக்குது?" என்றார் பூசாரி பழனியாண்டி.

அத்தான் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முனீஸ்வரர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி, மன்னிச்சிரு! இது தொர இல்ல சாமி. தொரைய பாய் கொட்டாயில ஒளிச்சு வச்சிட்டு, வேற கறுப்ப வாங்கிக் கட்டினேன். எனக்கு மனசு வரல. எம்மவன் நடக்கறப்ப முன்னால நடந்து போனவன் சாமி அவன்."

நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர் ஒரே மூச்சில் பேசிவிட்டு மண்ணில் கிடந்து அழுதார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஜபருல்லாவிடம் கறுப்பைப் பிடித்து வைத்தவர் இவர்தான். வேனில் இருந்தது அவர் வாங்கிய ஆடு. ஒரு வாரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தது காவலுக்கு அல்ல, துரையோடு இருப்பதற்கு. அவருடைய கறுப்பு ஆடு அவர் கண்ணெதிரே பழுப்பானால் அந்த மனிதர் வேறு என்னதான் நினைப்பார்?

அதற்குள் கூட்டத்தில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி தொரையத்தான் கேக்குது!" இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள்.

"போய் அதக் கொண்டாந்துரு, அப்பளசாமி. வேற வழியில்ல," என்றார் பூசாரி.

அத்தான் எழுந்தார். "சரி," என்றார். சட்டையில் மண்ணோடு வண்டிச் சாவியைத் தேடினார்.

பேசாமல் இருந்தால் அக்காவுக்கு அவமானம் இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்த முகங்கள் அங்கே நின்றன. ஆனாலும் அவள் முன்னால் போய் நின்றாள்.

"சாமி ஒண்ணும் கேக்கல. அது சாயம். அவரு கட்டின ஆட்ட நான்தான் தூக்கினேன், துரைன்னு நெனச்சு. இத இங்க கட்டினதும் நான்தான். என் தங்கச்சி கடைச் சாயம்."

ஊரே என்னைப் பார்த்தது. நான் ஷிரீனைப் பார்த்தேன். ஷிரீன் செம்பனைக் குலையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

பூசாரிக்கு வந்த கோபத்தில் எங்களையே வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். நன்றாகத் திட்டினார். திட்டி முடித்ததும் அத்தானிடம் கேட்டார். "நேந்துக்கிட்டப்ப என்னன்னு சொன்னே?"

"ஒரு கிடான்னு சொன்னேன். இன்ன கிடான்னு சொல்லல."

"அப்ப சாமியையே கேப்போம். கறுப்பக் கொண்டா. தண்ணி தெளிக்கிறேன். சிலிர்த்துச்சுன்னா சாமி ஏத்துக்கிச்சு. இல்லன்னா தொரதான்."

வேனிலிருந்து கறுப்பு ஆட்டை இறக்கினோம். மேளம் நின்றது. பூசாரி தண்ணீரைத் தெளித்தார். ஆடு தொப்பியின் மிச்சத்தை மென்றுகொண்டு சும்மா நின்றது. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. இரண்டாம் தடவை தெளித்தார். அசையவில்லை. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன். மூன்றாம் தடவை தண்ணீர் விழுந்ததும் ஆடு தலையிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள். அக்கா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பழுப்பு ஆட்டைக் கோயில் ஏற்கவில்லை. "சாயம் அடிச்சவளே வச்சு வளக்கட்டும்," என்று பூசாரி எனக்குத் தண்டனை விதித்தார். இப்போதும் அது என் கடைக்குப் பின்னால்தான் நிற்கிறது.

சாயங்காலம் அத்தானையும் கூட்டிக்கொண்டு ஜபருல்லாவின் கொட்டகைக்குப் போனோம். அவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "புருசனும் சொல்லாதேன்னாரு, பொஞ்சாதியும் சொல்லாதேன்னாங்க. நான் சொல்லல. இதுல என் தப்பு என்ன?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். "ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ சாமிக்குப் பயப்படுவே, லோகு. பையன நெனச்சு தூங்க மாட்டே."

"நீங்க பயப்படலியா?"

"பயந்துக்கிட்டேதான் மாத்தினேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளேயிருந்து துரை கத்தியது. அக்கா ஓடிப்போய்க் கைப்பையைத் திறந்து மேரி பிஸ்கட்டை எடுத்தாள். துரை அவளைத் தாண்டி நேராக அத்தானிடம் போய், அவருடைய சட்டைப் பையை மூக்கால் முட்டியது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பையிலும் ஒரு மேரி பிஸ்கட் பொட்டலம் இருந்தது.