கொஞ்சமிரு

அந்த ஒரு வரியை மட்டும் யாரும் தொட நரேன் விட்டதில்லை.

ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்காக வங்காளத்தின் நியூ டவுன் அலுவலகத்தில் எழுதப்பட்ட மென்பொருள் அது. பழைய சர்வர் மெதுவானது. முடிவு வந்து சேருமுன்பே ரிப்போர்ட் வெற்றுத்தாளாக அச்சாகிவிடும். அதைத் தடுக்க, அதே குழுவிலிருந்த அவன் மனைவி மதுவந்தி சில நொடி தாமதிக்கச் சொல்லும் ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள். அதற்கு ஆங்கில எழுத்தில் ‘கொஞ்சமிரு’ என்று பெயர் வைத்தாள். டாக்குரியாவில் இருந்த அவர்கள் வீட்டில் தினமும் காலையில் அவள் சொல்கிற சொல். அவன் வெளியே லிஃப்ட் பொத்தானை அழுத்தியிருப்பான். அவள் உள்ளே இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

போன வருடம் மூளைக்காய்ச்சலில் மதுவந்தி போய்விட்டாள். வரி இருந்தது.

குழுவிலிருந்த வங்காளிகள் அதை ஏதோ ஜப்பானியச் சொல் என்று நினைத்தார்கள். ‘கொன்ஜொமிரு’ என்றார்கள். தாமதம் என்றாலே அவர்களுக்கு அதுதான் பெயர். சர்வரை மாற்றியபோதும் நரேன் ஏதோ காரணம் சொல்லி வரியைக் காப்பாற்றினான். தலைவன் அவன், கேட்க ஆளில்லை.

அதே ஊரில், பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ரோஹிணி புதிதாகச் சேர்ந்தாள். ஊர் வழக்கப்படி அண்ணனுக்குத் ‘தா’, அக்காவுக்குத் ‘தி’ என்று பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

“நரேன்தா, ரிப்போர்ட் லேட்டுன்னு லேப்காரங்க கத்தறாங்க. இந்த வரிதான் காரணம். எடுத்துடட்டுமா?”

“புது சர்வர் கொஞ்சம் பழகட்டும்.”

“பழகறதுக்கு அது என்ன புது மருமகளா?” சிரித்தவள் திரையை மறுபடி பார்த்தாள். “இது தமிழ்தானே? எங்கம்மா சொல்ற மாதிரியே இருக்கு. இங்க எல்லாரும் சொல்ற மதுதி எழுதினதா?”

அவன் தலையசைத்தான்.

“ஐயோ. அப்ப இருக்கட்டும். நான் வேற வழி பாக்கறேன்.”

போன வருடம் ஆஸ்பத்திரி பெஞ்சில் மதுவந்தியின் ரிப்போர்ட்டுக்காக அவனும் உட்கார்ந்திருந்தான்.

“வேண்டாம். நானே எடுக்கறேன்.”

எடுத்தான். எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்த்தான். எதுவும் உடையவில்லை. ஒன்றாவது உடைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மாலையில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். லிஃப்ட் மூடிக்கொண்டிருந்தது. குழுவிலிருந்த சௌமிக் உள்ளிருந்து கையை நீட்டிக் கதவைத் தடுத்தான். பொத்தானை அழுத்தப்போனவனைப் பார்த்துக் கத்தினான்.

“ஏய், கொன்ஜொமிரு! நரேன்தா வராரு!” கத்தியது வங்காள மொழியில், அந்த ஒரு சொல் மட்டும் மதுவந்தியுடையது.

நரேன் நகரவில்லை. இன்னொரு முறை சொல்வானா என்று நின்றான்.