நிம்மதி மன்றத் தலைவர் வாங்கிய நாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் சாயங்காலம் நிம்மதி மன்றம் கூடும். அதன் நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர் எல்லாம் இராஜபாளையம் பொன்னுராஜ் ஒருவரே. பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருந்தார். உலகத்தின் காயத்துக்குக் கட்டுப்போடுகிறவன் மனசின் காயத்துக்குக் கட்டுப்போட வேண்டாமா என்று கேட்டுத்தான் ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்குவார். "செய்தி பார்க்காதீர்கள். கையில் இல்லாததை நெஞ்சில் வைக்காதீர்கள்" என்று அவர் இரண்டு கையையும் விரிக்கும்போது முன்வரிசையில் உண்மையாகவே கண் கலங்கும். பின்வரிசை பால்கோவாவுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும்.

அவருடைய ஒரே மகள் ஷெரின் வளைகுடா நாடு ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். அந்தப் பக்கம் சண்டை மூண்டு, விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கே தலைவரின் நிம்மதி ஊரைவிட்டு ஓடிவிட்டது. சாப்பிடும்போது செய்தி, குளியலறையில் செய்தி, யூனிட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் செருகிக்கொண்டு செய்தி. மகள் முழுசாகத் திரும்பி வருவாளா? இந்த ஒரு கேள்விக்கு எந்தச் சேனலாவது பதில் சொல்லிவிடாதா என்று தாவித் தாவிப் பார்த்தார். மாடியில் மட்டும் "செய்தி பார்க்காதீர்கள்".

மனைவி ஞானரத்தினத்துக்கும் பயம்தான். ஆனால் அவள் ஜெபம் பண்ணுவாள், துணி துவைப்பாள், மறுபடி ஜெபம் பண்ணுவாள். அவருக்கோ ஜெபத்துக்கு நடுவிலும் ஒரு கண் போனில்.

"ஆண்டவரு வாட்ஸப்ல பதில் அனுப்பப் போறாரா? கண்ண மூடுங்க" என்பாள்.

தூக்கம் வராததற்கு ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. தெருவில் திருட்டுப் பயம் என்று சொல்லி, காவலுக்கு நாய் வாங்க மம்சாபுரம் போனார். நாய் வளர்க்கும் குருசாமியின் தோட்டத்தில், பக்கத்துக் கல்யாண வீட்டு வேட்டுச் சத்தத்துக்கு அத்தனை நாயும் சங்கிலியை அறுத்துவிடுவதுபோல் குரைத்தன. ஒன்று மட்டும் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து ராஜா மாதிரி படுத்திருந்தது. சுத்த வெள்ளை, ரோஜா நிற மூக்கு.

"அண்ணாச்சி, பின்னால நின்னு ஒரு தட்டு தட்டிப் பாத்து வாங்கிக்கோங்க. சுத்த வெள்ளையில சிலது..." என்று இழுத்தார் குருசாமி.

"கண்ணப் பாத்தே உள்ள என்ன ஓடுதுன்னு சொல்லுதவன்யா நான்."

"அப்பச் சரி" என்றார் குருசாமி. வியாபாரத்தில் அதற்குமேல் நேர்மையை எதிர்பார்ப்பது பாவம்.

சாந்தன் என்று பெயர் வைத்தார். பெயருக்கு அது ஒரு குறையும் வைக்கவில்லை. மில் சங்கு ஊதினால் தெருவே திடுக்கிடும்; சாந்தன் கொட்டாவி விடும். கோடை இடி மலையில் மோதி உருண்டு வந்து ஜன்னலைக் குலுக்கும்போது அது காலை மாற்றிப் போட்டுக்கொள்ளும். பொன்னுராஜ் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மலையை முதல்முறை பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருடம் தான் பேசியதையெல்லாம் ஒரு நாலுகால் பிராணி ஒரு வார்த்தை பேசாமல் செய்துகாட்டுகிறதே!

அடுத்த ஞாயிறு சாந்தனைக் காரில் ஏற்றி மன்றத்துக்கே கொண்டுபோனார். மைக் கீச்சிட்டது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள், சாந்தன் அசையவில்லை. மகனுக்கு வேலை போன கவலையில் இருந்த ஒரு அம்மாள் அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நன்றியுரை சொல்லும் செயலாளர் சிவபாண்டி, "நம் தலைவரையே மிஞ்சிய தலைவர்" என்று அதற்குத் தனியாக நன்றி சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் ஞானரத்தினத்தின் கையிலிருந்து சருவச்சட்டி நழுவி, தூங்கிக்கொண்டிருந்த சாந்தனுக்குப் பின்னாலேயே விழுந்தது. பொன்னுராஜ் நாற்காலியோடு துள்ளினார். சாந்தன் தூங்கியது.

"பாத்தியாட்டி! அசையுதா? ஞானம், முழு ஞானம்!"

"ஞானமுமில்ல, ஒண்ணுமில்ல. அதுக்குக் காது கேக்காது."

"என்ன சொல்லுத?"

"வந்த அன்னைக்கே தெரியும். வெள்ள நாய்னா கைதட்டிப் பாத்து வாங்கணும்னு இந்த ஊருல தொட்டில்ல கெடக்க பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"தெரிஞ்சா சொல்ல வேண்டாமா?"

"அது முன்னால உக்காந்திருக்க நேரம் மட்டுந்தான் நீங்க போனைத் தொடல. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவர் அதன் பின்னால் போய்க் கைதட்டினார். விசிலடித்தார். கடைசியில் பெயர் சொல்லிக் கத்தினார். எதிர்வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது ஷெரின் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, சாப்ட்டாச்சா?"

அவளுக்குப் பின்னால் ஏதோ ஊளையிட்டது.

"என்ன சத்தம்மா அது?"

"சைரன்ப்பா. வார்ட பேஸ்மெண்டுக்கு மாத்தியாச்சு. செத்த நேரம் இருங்க, கூப்பிடுதாங்க."

போனைக் கட் பண்ண மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள் போல. துணி உரசும் சத்தம். ஓடும் காலடி. சைரன் ஏறியது. அதற்கும் மேலே ஒரு பெண்ணின் அலறல். எங்கோ தொலைவில் தொம்மென்று ஒன்று விழ, போன் வழியாகவே தரை அதிர்ந்தது தெரிந்தது. ஞானரத்தினம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடுவே ஷெரின் குரல். அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள், பிறகு தன்னை அறியாமல் தமிழுக்கு வந்துவிட்டாள். "இந்தா, அம்புட்டுத்தான்... இன்னும் கொஞ்சம்... என் தங்கம்லா..." தமிழே தெரியாத யாரோ ஒருத்தியிடம் கொஞ்சினாள். இன்னொரு தொம். "என் தங்கம்லா" அதே சுருதியில் நின்றது. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். சின்ன வயதில் பக்கத்து அறையில் அவர் சாக்லேட் காகிதம் பிரித்தால் ஓடிவருகிறவள். அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் அங்கே நிற்கிறாள்.

திடீரென்று ஒரு அழுகை. புதுசு. ஊருக்கே நியாயம் கேட்கிற அழுகை. அது கிளம்பியதும், அதுவரை உலகத்தையே நிரப்பிக்கொண்டிருந்த சைரன், ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டதுபோல் சிறுத்துப்போனது.

ஆலயத்தில் எழுந்து நிற்பதுபோல் தான் எழுந்து நிற்பதைப் பொன்னுராஜ் அப்போதுதான் கவனித்தார். கை ஈரமாகவே இருந்தது. போனில் ஷெரின் குரல் மறுபடி கிட்டத்தில் கேட்டது.

"ஐயோ, கட் பண்ணலையா? பொட்டப் பிள்ளைப்பா. என்னமா கத்துது பாருங்க!"

"பயமா இல்லையாம்மா?"

"இப்பந்தான் கை நடுங்குது. அப்ப நடுங்க நேரமில்ல. வச்சிரட்டா? இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை 'மூச்சைக் கவனித்தல்' என்ற தலைப்பில் அவர் பேசுவதாக இருந்தது. எழுந்தார். கை விரியவில்லை.

"செய்தி பாக்காதீங்கன்னு உங்களுக்குச் சொல்லிட்டு நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பொறவு, அந்த நாய்க்குக் காது கேக்காது."

அரங்கம் நெளிந்தது. நெற்றியைத் தொட்டு ஒற்றிக்கொண்ட அம்மாள்தான் முதலில் பேசினாள்: "கேக்காட்டா என்ன? அன்னைக்கு எனக்குத் தூக்கம் வந்துச்சே."

சிரிப்பு அடங்கியதும் அவர் நேற்றுக் கேட்டதைச் சொன்னார். அலங்காரம் இல்லாமல், கேட்ட வரிசையிலேயே. சைரன், அலறல், தொம், தங்கம்லா, தொம், அழுகை. முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மன்றத்தின் வரலாற்றிலேயே சின்னப் பேச்சு. யாரும் கைதட்டவில்லை. பின்வரிசைகூட முன்னால் குனிந்திருந்தது.

நன்றியுரைக்கு எழுந்த சிவபாண்டி நன்றி சொல்ல மறந்துபோய், "அண்ணாச்சி, பிள்ள எம்புட்டு எடை?" என்று கேட்டார்.

பொன்னுராஜ் விழித்தார். எந்த ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் பாயும் என்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பார். இது தெரியாது. போனை எடுத்து மகளுக்குக் கேட்டு எழுதினார். மன்றம் மொத்தமும் எழுந்துவந்து அவரைச் சுற்றி நின்றது. வேலை போன மகனின் தாய், கடன்காரருக்குப் பயந்தவர், பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர், எல்லோருமே எங்கோ ஒரு தேசத்தில் பெயர்கூட வைக்காத ஒரு பிள்ளையின் எடைக்காகக் காத்து நின்றார்கள்.

பதில் வந்தது. அவர் உரக்க வாசித்தார்: "மூணே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். ராத்திரி இன்னும் ரெண்டு பொறந்துச்சு. பிளைட் எப்ப விடுவாங்கன்னு தெரியலப்பா."

"மூணே முக்காலா! அடேயப்பா!" என்றார் சிவபாண்டி.

"மூணே முக்காலாம்" என்று பின்னால் காது மந்தமான ஒருவருக்கு இன்னொருவர் சத்தமாகச் சொன்னார். அவரும் வாயைப் பிளந்தார்.