ஐந்நூறு வாட்

"ரெண்டே வாரந்தான் ஜெனல். அவனுக்கு ஒரு இடம் கிடைக்கிற வரைக்கும்."

"எண்ணுவேன், கோரி."

"தாராளமா எண்ணிக்கோ."

போன வருஷம் மார்ச்சில் சமையலறையில் நடந்த பேச்சு அது. இப்போது மே. ஜெனலின் கணவன் கோரியின் தம்பி டெரில், அமெரிக்காவின் டுலூத் நகரில் இவர்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் இன்னும் இருக்கிறான். ஐம்பதாவது வாரத்தோடு ஜெனல் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது அவள் தொழில். இன்று மாலை ஆறு மணிக்கு ஒரு மணப்பெண் வீட்டில் உறவெல்லாம் கூடி அவள் தொகுத்த வீடியோவைப் பார்க்கப் போகிறது. தொகுத்ததை முழுப் படமாக மாற்ற ஆரம்பித்ததும் கணினி பட்டென்று அணைந்தது. காலையிலிருந்து நான்காவது தடவை.

போன வாரம் அதில் புது கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தியவன் டெரில். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் தன் பழைய கணினியிலிருந்து கழற்றிப் போட்டான். அன்று அவன் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், மின்சாரத்தையே இவன்தான் கண்டுபிடித்தான் என்று நினைத்திருப்பார்கள்.

கோரியின் காலுறையைப் போட்டுக்கொண்டு, சாலட் கிண்ணம் நிறையப் பாலில் ஊறிய கார்ன்ஃப்ளேக்ஸோடு படியேறி வந்தான் அந்த மேதை.

"விண்டோஸ் தகராறு. நாந்தான் சொன்னேனே."

ஜெனல் கணினியின் பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றினாள்.

"பாருடா, சர்ஜன் வந்தாச்சு! கோரி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

தூண்டில் முட்களைப் பிரித்துக்கொண்டிருந்த கோரி நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத அந்த மனசுக்காகத்தான் ஒரு காலத்தில் அவனைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே சூடான பிளாஸ்டிக் வாடை. கார்டுக்குப் போக வேண்டிய வயர் அந்தப் பழைய பெட்டியில் இல்லாததால், இரண்டு மெல்லிய வயர்களை ஒன்றாக்கி மாட்டியிருந்தான் டெரில். பெட்டியின் நெற்றியில் சிவப்பாக, கொட்டை எழுத்தில் 500. மூக்குக்கண்ணாடியை இறக்கி, கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். கார்டுக்குப் போகும் பன்னிரண்டு வோல்ட் வழியில் இருநூற்று அறுபத்து நாலு வாட்தான். விளம்பரத்துக்கு ஐந்நூறு, வேலைக்குப் பாதி. கார்டு வந்த அட்டைப்பெட்டியிலோ, குறைந்தது 650 வாட் வேண்டும் என்று போட்டிருந்தது.

"இதைப் படிச்சியா, டெரில்?"

"ஐநூறு போதும். அட்டையில சும்மா பயமுறுத்துவாங்க. விக்கணும்ல?"

"இதுக்குக் கீழே இருக்கிறதை?"

"பொடி எழுத்தையெல்லாம் எவன் படிப்பான்? இரு, கீழே இன்னொரு வயர் கிடக்கு, கொண்டு வரேன்." பாலை உறிஞ்சினான்.

"அவனும் நல்ல எண்ணத்துலதான் பண்ணான், ஜெனல்," என்றான் கோரி, தூண்டில் முட்களிடம்.

அவள் பெட்டியை வெளியே உருவி, அந்த முட்களின் நடுவே மேஜைமேல் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"கடையில அறுநூத்தம்பதுல நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரேன். கோரி, என்னைப் பாரு. முட்களை இல்லை, என்னை."

கோரி நிமிர்ந்தான். டெரிலின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"உன் தம்பியை வேற இடம் பார்த்துக்கிட்டுப் போகச் சொல்லு. நான் திரும்பி வர்றதுக்குள்ள, நீயே, உன் வாயால சொல்லு."