விசா கிடைக்காத நிழல்கள்

பேராசிரியர் அய்கேவி கனடாவில் இறங்கிய திங்கட்கிழமை, அவருடைய நிழல் வழக்கம்போல் எட்டு மணி வகுப்புக்கு வந்து கரும்பலகை ஓரமாக நின்றது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம். விசா ஆளுக்குத்தான் கொடுக்கிறார்கள், நிழலுக்குக் கொடுக்கும் வழக்கம் எந்தத் தூதரகத்திலும் இல்லை. லாகோஸ் விமான நிலையத்தில் கழன்று விழுந்த நிழல், ஒரு பஸ்ஸின் நிழலைத் தொற்றிக்கொண்டு எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற உகோனே ஊருக்கே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு கணிதத்தில் பாதிப் பேர், மருத்துவத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் அரசுப் பல்கலைக்கழகத்தின் வராந்தாக்களில் ஆளில்லாத நிழல்கள் தலையைக் குனிந்தபடி நடமாட ஆரம்பித்தன.

துணைவேந்தருக்கு ஒரே கொண்டாட்டம். நிழல் சம்பளம் கேட்காது, வேலைநிறுத்தம் செய்யாது. புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளுக்கான அறிமுகப் புத்தகத்தில், எல்லாத் துறைகளிலும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள்கூட விடுப்பு எடுப்பதில்லை என்று கூசாமல் அச்சடித்தார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் கொடுமை. வளாகத்தைச் சுற்றிக் காட்டும் நாளில் பெற்றோர்கள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, சுவரில் கையை ஆட்டிக்கொண்டிருக்கும் நிழல்களைப் பார்த்தார்கள். "சத்தமே போடாம பாடம் நடத்துறாரே, தங்கமான மனுஷன்!" என்று ஒரு தகப்பனார் மெச்சினார். பாலைவனத்திலிருந்து வீசுகிற ஹர்மட்டான் காற்றின் புழுதி சூரியனை மூடுகிற மாதங்களில் பேராசிரியர்கள் வெளிறிப் போவார்கள், பாடமும் பாதிதான் புரியும்.

எசோசா சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். அவளுடைய அம்மா உவைலா, சந்தையில் மரவள்ளி மாவு வறுத்து விற்பவள். அவர்கள் நிலத்தில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிக்கொண்டு வந்தது. ஏன் அழுகுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் மகள் பயிர் நோயியல் படிக்கப் போனாள். அய்கேவியின் நிழல் அவளுக்கு வழிகாட்டி. தப்பான வரி மேல் விரலை வைத்துக்கொண்டு, அவள் திருத்தும்வரை நகராது. அப்படிப்பட்ட வாத்தியார் இன்றைக்கு உடம்போடு இருப்பவர்களில்கூடக் கிடைக்க மாட்டார். நோய் நடுகிற குச்சியிலேயே ஒளிந்து வருகிறது, குறிப்பிட்ட சூட்டு வெந்நீரில் முக்கி நட்டால் வராது என்று அவள் கண்டுபிடித்த அன்று, அந்த நிழல் ஆய்வுக்கூடச் சுவரில் குதித்துக் குதித்து ஆடியது.

ஆனால் ஆய்வேட்டில் வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். நிழலால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. "நிழலாவது நெருப்பாவது! எனக்கு மையில வேணும்" என்றார் பதிவாளர். அம்மாவும் அதே பல்லவி. "வெந்நீர்ல முக்கலாம்மா, இப்பவே செஞ்சு பாரேன்" என்று மகள் கெஞ்சினாள். "போடி, ஒரு பெரிய மனுஷன் கையெழுத்துப் போடாத வைத்தியத்த என் நிலத்துல செய்ய விடமாட்டேன். பட்டத்த வாங்கிட்டு வா, அப்புறம் என்னையவே வேணும்னாலும் முக்கு" என்றாள் உவைலா. படிக்காதவள் படிப்பின் மேல் வைத்திருந்த மரியாதை அது. அந்த மரியாதையே அவளைக் கவிழ்த்தது.

எங்கள் பிள்ளைகள் கடைசிப் பரீட்சை முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் பெயரெழுதிக் கும்மாளம் போடுவார்கள். எசோசாவும் சட்டை வாங்கினாள். ஆனால் முதல் கையெழுத்து சாருடையதாகத்தான் இருக்கணும் என்று பிடிவாதம் பிடித்து, யாரையும் தொட விடவில்லை. தோழிகள் எழுதி, அழுது, கட்டிப்பிடித்து, ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். சட்டை பெட்டிக்குள் மஞ்சளடித்தது. வருடங்கள் போயின, கிழங்கு அழுகியது.

கடைசியில் கனடாவில் அய்கேவியையே தொலைபேசியில் பிடித்தாள். அவர் அங்கே முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கியாம்மா? கையெழுத்துதானே, அதுக்கென்ன, போடறேன். ஆனா நீ எழுதியிருக்கிறது ஒண்ணும் எனக்குப் புரியாதும்மா. விமானம் ஏறினதுலேருந்து படிச்சது ஒண்ணுகூட ஞாபகமில்ல. எல்லாம் அங்கேயே நின்னுட்ட அவன்கிட்டதான் இருக்கு" என்றார். பிறகு, "அவன் சௌக்கியமா?" என்று கேட்டார். கேட்டவர் அழுதுவிட்டார். புரியாததில் கையெழுத்து வாங்க எசோசாவுக்கு மனம் வரவில்லை. அய்யோ, வாங்கித் தொலைத்திருக்கக் கூடாதா!

அவள் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். நிழல் நெடுநேரம் தயங்கி, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தது. கரிய கைத்தடம் விழுந்தது, சோப்புக்கும் போகவில்லை. பதிவாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை அடையாளம் சரிதான், ஆனா மை இல்லையே" என்றார்.

அடுத்த மழைக்குள் கிழங்கு முழுக்க அழுகியது. உவைலா நிலத்தை விற்று மகளை அயர்லாந்துக்கு அனுப்பினாள். சாயங்காலம் பல்கலைக்கழக வாசலில் வண்டி கிளம்பியபோது, எசோசாவின் நிழல் அவள் காலிலிருந்து இறங்கித் திரும்பி நடந்தது. அதன் முதுகில் மட்டும் ஒரு கை அளவுக்கு இருட்டு கூடுதலாக இருந்தது. போனவள் மாதம் தவறாமல் பேசுகிறாள், பணம் அனுப்புகிறாள். ஒருநாள் உவைலா பக்கத்து நிலத்துக்காரிக்காக, "அந்த வெந்நீர் எந்தச் சூட்டுல இருக்கணும்னு சொன்னியே, அதச் சொல்லும்மா" என்று கேட்டாள். "எந்த வெந்நீரும்மா?" என்றாள் மகள்.

இப்போது புதுப் பிள்ளைகளுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது எசோசாவின் நிழல்தான். நூலகம், விடுதி, ஆய்வுக்கூடம் என்று விரல் நீட்டும், பிள்ளைகள் பின்னாலேயே போவார்கள். அது முடிந்ததும் ஆய்வுக்கூடப் படியில் வந்து உட்காரும். உவைலா வறுத்த மாவும் வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். சின்ன வயதில் மகளை, வெயிலில் நிற்காதே என்று திட்டிக்கொண்டே இருந்தவள் அவள். உச்சி வெயிலில் மண்டை பிளக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்த காவலாளி, "மேடம், குடைதான் கையிலயே இருக்கே, விரிச்சா என்ன?" என்று கேட்டார்.

"விரிச்சா இவ போயிடுவாளேப்பா" என்றாள் உவைலா. அவர் சரி என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.