கத்தி இரவல், ஷூ அடமானம்

வங்கியில் யாராவது உங்களிடம் பேனா இரவல் கேட்டால், மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதானே கொடுக்கிறீர்கள்? மூடி நம்மிடம் இருக்கும்வரை பேனா எங்கே போனாலும் திரும்பி வந்துவிடும் என்று ஒரு தைரியம். வாங்குகிறவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் மடக்குக் கத்திக்கு மூடி கிடையாது. ஒல்லியின் கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒல்லி, சோபா பழுதுபார்க்கும் பட்டறையில் மெத்தை தைக்கிறவன். நெட்டை உடம்பு, காற்றடித்தால் சாய்ந்துவிடுவான் போலிருக்கும். மனசும் அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான். 'இல்லை' என்ற சொல் தொண்டைவரை வரும், அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளும்.

பட்டறையில் பெரிய கத்தரிக்கோல்கள் உண்டு. இண்டு இடுக்கில் அறுப்பதற்கு அவை உதவாது. ஒல்லியின் கத்தியோ முடியைக்கூட இரண்டாகப் பிளக்கும். அதனால் ஊரார் கண்ணெல்லாம் அவன் சட்டைப் பைமேல்தான்.

முதல் கத்தியை அவனே வாங்கினான். பட்டறை வண்டியின் டிரைவர் அதை இரவல் வாங்கி, வண்டி பேட்டரியை நெம்பி, நுனியை உடைத்துக்கொண்டு வந்து நீட்டினார். "நுனிதான்டா போச்சு, மிச்சம் அப்படியே இருக்குல்ல?" என்று ஆறுதல் வேறு சொன்னார். இரண்டாவது, மாமனார் கொடுத்தது. அதை இரவல் வாங்கியவன் பட்டறையின் மரவேலைக்காரன். எதிலும் அவசரக்குடுக்கை என்பதால் அவனுக்குக் குடுக்கை என்றே பேர். பசை டின்னைக் கத்தியால் கலக்கிவிட்டு, கத்தியை உள்ளேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். பசை காய்ந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கத்தியும் டின்னும் ஈருடல் ஓருயிராய் அலமாரியில் இருக்கின்றன.

மூன்றாவதை மனைவி வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. கருப்பு மரப்பிடி, இரண்டு பக்கமும் பித்தளை, திறந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். கையில் கொடுக்கும்போதே கண்டிஷன் போட்டுவிட்டாள்.

"என்னங்க, முதல்ல போனது உங்க காசு. அடுத்தது எங்கப்பா காசு. இது என் காசு. இதுவும் போச்சுன்னா, ஒரு சாமானைக் காப்பாத்தத் தெரியாத மனுஷனை நம்பி இனிமே வீட்டுச் சாவியக்கூட தர மாட்டேன். வாசல்ல நின்னு பெல் அடிச்சுக்கிட்டே இருங்க."

"போகாதும்மா."

"இரவல் சதமா, திருடன் உறவான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கத்தி ஆஜராக வேண்டும். பால் பாக்கெட்டோ பிஸ்கட் பாக்கெட்டோ, எதையாவது நீட்டி, "எங்க, அந்தக் கத்தியக் குடுங்க" என்பாள். பல்லால் கிழிக்கிற பாக்கெட்டுக்கும் கத்திதான்.

யோசித்து யோசித்து ஒல்லி ஒரு வழி கண்டுபிடித்தான். கத்தி வேண்டுமென்றால் ஒற்றை ஷூவைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். கத்தி வந்ததும் ஷூ திரும்பக் கிடைக்கும். பட்டறைத் தரையெங்கும் சோபாவிலிருந்து பிடுங்கிப் போட்ட பின்கள் கிடக்கும். அதில் ஷூ இல்லாமல் நடப்பது நெருஞ்சிக் காட்டில் நடப்பதுபோல.

"ஒத்தக்கால்ல நிக்க நான் என்ன கொக்கா?" என்று டிரைவர் கத்தினார்.

"கொக்கு மீனோட வரும் அண்ணே. நீங்க கத்தியோட வாங்க, போதும்."

டிரைவர் தத்தித் தத்திப் போய், கயிற்றை அறுத்துவிட்டு, அதே வேகத்தில் தத்தித் தத்தித் திரும்பி வந்தார். ஒல்லிக்கு அன்று சோறு இரண்டு பிடி கூடவே இறங்கியது. 'இல்லை' என்று சொல்லாமலே இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று அவனுக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் காலை, மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று மதியத்துக்குள் வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது. வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மாப்ள, கத்தி!" என்று ஓடிவந்தான் குடுக்கை.

"ஷூ?" ஒல்லி மெத்தையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"இந்தா, புடி."

ஷூ வந்து மடியில் விழுந்தது. அதை அப்படியே தன் நூல் பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டு, கத்தியை நீட்டினான். கடையை விட்டு வந்த நாளிலிருந்து குடுக்கையின் ஷூ ஒருநாளும் பளபளத்ததில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் விஷயம் அப்போதே விளங்கியிருக்கும்.

சோபா வண்டியில் ஏறியது. தூக்கிவிடக் குடுக்கையும் கூடவே ஏறிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். உள்ளே புதுக் கார்ப்பெட் போட்டிருப்பதால் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அவரே நுழைவார். நாற்காலி ஆர்டர் பேச ஓட்டல்காரர் ஒருவரைப் பார்க்கப் போக வேண்டும்.

"டேய், என் ஷூ ஒண்ணக் காணோம்!"

பட்டறையே தேடியது. ஒல்லிதான் எல்லாரையும்விட மும்முரமாகத் தேடினான்.

"ஒத்த ஷூவத் திருடி என்ன பண்ணப் போறான் முதலாளி? கிறுக்கனா இருப்பான்" என்றான்.

தேடிவிட்டு வந்து, நூல் எடுக்கப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஷூ பளபளவென்று அவனைப் பார்த்துச் சிரித்தது.

"முதலாளி..." என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நின்றான். "இது அடமானத்துக்கு வந்துச்சு."

"எது? என் ஷூவா?"

ஒல்லி கதையைச் சொன்னான். முதலாளி ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ, என் பொருளை வெச்சு உன் பொருளை வாங்கிட்டுப் போயிருக்கான். அவன் கையை விட்டு என்னடா போச்சு?"

அடமானமும் போயிற்று, கத்தியும் கையில் இல்லை. வாசலில் நின்று பெல் அடிக்கிற காட்சி கண்முன் வந்துபோனது.

முதலாளி கேட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தபோதே வண்டி திரும்பி வந்தது. குடுக்கை இரண்டு காலிலும் ஷூவோடு ஜம்மென்று இறங்கினான்.

"டேய், முதலாளி ஷூவையா குடுத்த?"

"என் ஷூவுல லேஸ் அவுக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும் மாப்ள. அது வாசல்ல சும்மாதானே கெடந்துச்சு?"

"சரி, கத்தியக் குடு."

குடுக்கை சட்டையைத் தட்டினான். பேன்ட்டைத் தட்டினான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"பழைய அடித்துணிய அறுத்தேனா... கத்திய உள்ளாற குறுக்குக் கட்டை மேல வெச்சேன். சோபா காலை முடுக்கினேன். அப்புறம் புதுத் துணியப் போட்டு, சுத்தி பின் அடிச்சேன்..." அவன் குரல் கிணற்றில் இறங்குகிற வாளிமாதிரி இறங்கிக்கொண்டே போனது.

"சோபாவுக்குள்ளயா?" என்று கத்தியது ஒல்லி அல்ல, முதலாளி. போனைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "நாலு குழந்தைங்க ஏறிக் குதிக்கிற வீடுடா அது! ரெண்டு பேரும் இப்பவே ஓடுங்க!"

ஓடினார்கள்.

அந்த வீட்டு அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கையோடு கதவைத் திறந்தார். "இப்பத்தானப்பா போனீங்க?"

"ஸ்பிரிங்கை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு..." என்றான் குடுக்கை.

"உள்ள என் கத்தி மாட்டிக்கிச்சும்மா" என்றான் ஒல்லி. பொய்யும் அவனுக்குத் தொண்டையோடு நின்றுவிடும்.

சோபாவைக் கவிழ்த்தார்கள். அடித்துணிமேல் தடவிப் பார்த்தபோது ஒரு மூலையில் கத்தி விரல் நீளத்துக்குத் தட்டுப்பட்டது.

"ம், துணிய அறு" என்றான் குடுக்கை.

"எதை வெச்சு? சாமான் பை எங்க?"

"நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

"என்கிட்ட இருந்த ஒரே கத்தி உள்ள இருக்குடா!"

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கத்தியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ஆனால் நீட்டவில்லை.

"இது என் கைக்குப் பழகின கத்தி. என் மருமககிட்டகூட நான் குடுக்கறதில்ல."

ஒல்லி இத்தனை நாள் சொல்ல நினைத்து வாய் வராத பேச்சு, அட்சரம் பிசகாமல் இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது. அவன் கை தானாகத் தன் ஷூவைத் தேடிக் குனிந்தது. ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"அம்மா, கத்தியோட அருமை எனக்குத் தெரியும். நம்பிக் குடுங்க."

முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். அடுப்பில் என்னவோ பொங்குகிற சத்தம் கேட்கவும் உள்ளே ஓடினார்.

ஒல்லி ஓரமாக ஒரு சாண் அளவுக்குத் துணியை அறுத்தான். இரண்டு கையையும் உள்ளே விட்டான். ஸ்பிரிங்குகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி ஓடிய தன் கத்தியைக் குழந்தையைத் தூக்குகிறமாதிரி வெளியே எடுத்தான். 'டிக்.' கூர் போகவில்லை. பித்தளையில் ஒரு கீறல் இல்லை.

அவன் சட்டைக் காலரில் எப்போதும் நூல் சுற்றிய ஒரு வளைந்த ஊசி குத்தியிருக்கும். நூல் கோத்து, அறுத்த இடத்தைப் பிரித்த சுவடே தெரியாமல் தைக்க ஆரம்பித்தான். கை தைக்க, வாய் பாடம் நடத்தியது.

"இரவல் வாங்கினா கண்ணு அதுமேலயே இருக்கணும்டா. வேலை முடிஞ்சதும் மொதல்ல குடுத்தவங்க முகம் ஞாபகத்துக்கு வரணும். உனக்கு அந்தப் பொறுப்பு இருக்கா?"

"இல்ல மாப்ள."

"அடுத்தவன் பொருளுன்னா அவ்வளவு எளக்காரமா?"

"தப்புதான் மாப்ள."

"மன்னிப்பு கேட்டா ஆச்சா? தொலைஞ்சிருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

கடைசி முடிச்சைப் போட்டு, தன் கத்தியாலேயே நூலை நறுக்கினான். சோபாவை நிமிர்த்தினார்கள். "வரோம்மா!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்கள். இறங்குகிற வழியெல்லாம் ஒல்லி சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் மனைவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். ஒல்லி கத்தியை 'டிக்' என்று திறந்து, பிடிப் பக்கமாக நீட்டினான்.

"பரவாயில்லையே, இத்தனை நாள் காப்பாத்திட்டீங்க. தேறிட்டீங்க" என்றாள் அவள். அவனுக்கென்று தனியாகச் சாவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் காலை பட்டறைக்கு முதல் போன் அந்த அம்மாவிடமிருந்து வந்தது. அவருடைய கத்தியைக் காணோமாம். அது சோபாவுக்குள் இருந்தது.