பின்பக்கம் சரி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெனரேட்டர் அறையில் வேலை செய்பவனுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவுவதில் கை முழங்கைவரை டீசலில் ஊறிப்போகும். கேன் கேனாக எண்ணெய் தூக்கி ஊற்றி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அலுப்பே தெரியவில்லை. சென்சார் வந்துவிட்டதே!

அதற்காக எத்தனை நடை நடந்தோம்! போன வருடம் பின்பக்க பேரிங் சூடேறி, கொதிக்கும் எண்ணெய் பீய்ச்சியடித்ததில், இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் எங்கள் எண்ணெய்க்காரரின் வலது கை தோள்வரை வெந்துபோனது. "தூங்கிட்டான், கவனிக்கல" என்று முதலாளி கைகழுவிவிட்டார். சூட்டை அளந்து பதிந்துவைக்க ஒரு கருவி இருந்திருந்தால், பொய் சொல்வது யாரென்று அதுவே சொல்லியிருக்கும். கருவி வை, கருவி வை என்று நாங்கள் பிடித்த பிடியில் கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

எங்கெங்கே வைப்பது என்று திட்டம் போட வந்தவர் சூப்பர்வைசர். என் தங்கையின் கணவர். நேற்றுவரை எங்களோடு ஸ்பானர் பிடித்தவர்.

"மச்சான், இந்த மிஷின உங்கள விட யாருக்குத் தெரியும்? நீங்களே இடத்தக் காட்டுங்க" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீளமான திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு, ஏழு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டோம். ஏழாவது வட்டம் அந்தப் பாழாய்ப்போன பின்பக்க பேரிங் மேல். எண்ணெய்க்காரர் தன் இடது கையால் கோணல்மாணலாகப் போட்டார். பிறகு அந்த வட்டங்களைக் குறித்த படத்தோடு மாப்பிள்ளை கையெழுத்துக்குத் தாளை நீட்டியபோது எண்ணெய்க்காரர் தயங்கினார். "என் மாப்பிள்ளதானே, கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றவன் நான்தான். படம் ஒரு தாளிலும் கையெழுத்து இன்னொரு தாளிலும் இருந்ததை ஒருத்தராவது கவனித்தோமா? இல்லையே!

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் நிற்பவன் பேரிங்கைத் தொட்டுப் பார்த்து "பின்பக்கம் சரி" என்று குரல் கொடுத்தால்தான் பேனலில் நிற்கும் அக்கா பொத்தானை அழுத்துவார். குரல் கொடுத்தவன், இயந்திரம் ஓடும்போது பேரிங்கைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். முந்தின இரவே சென்சார்களைப் பொருத்திவிட்டிருந்தார்கள். அன்றைக்குக் குரல் என்னுடையது. சென்சார்களின் ஏழு விளக்கும் பச்சையாக எரிந்தன. கையை நீட்டி பேரிங்கைத் தொட்டுக் குரல் கொடுத்தேனே தவிர, விளக்குகள் எங்கே எரிகின்றன என்று நான் குனிந்து பார்க்கவில்லை. நம்பியவன் எதற்குக் குனிவான்?

இருபது நிமிடத்தில் பெயிண்ட் கருகும் வாடை வந்தது. உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் உதறினேன்.

"அக்கா, பின்பக்கம் எவ்வளவு காட்டுது?"

"நாப்பத்தெட்டு டிகிரி. பச்சை."

அப்போதுதான் குனிந்தேன். சாக்பீஸ் வட்டம் போட்டது போட்டபடி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சென்சார் ஒரு சாண் தள்ளி, காற்றுபடும் தகர மூடியில் ஒட்டியிருந்தது. தகரத்தின் சூட்டைத்தான் அது அளந்துகொண்டிருந்தது. "நிறுத்துங்கக்கா!" என்று கத்தினேன்.

இயந்திரம் நின்ற மறு நிமிடம் முதலாளி வந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை.

"திரையில பச்சை காட்டுது. அப்புறம் உனக்கு என்ன?"

"அது தகரத்தோட சூடுங்க. பேரிங்கத் தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாக்கிறதுக்கா கருவி வாங்கினேன்?" அவர் தாள்களை விரித்தார். "இடம் காட்டினது நீங்க. இதோ, எல்லார் கையெழுத்தும் இருக்கு. நாளைக்கு ஏதாவது ஆனா நீங்கதான் பதில் சொல்லணும்."

அக்கா எட்டிப் பார்த்தார். "இது நாங்க போட்ட படமே இல்லீங்க."

படம் மாறியிருந்தது. கையெழுத்து மட்டும் எங்களுடையது. எண்ணெய்க்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன் மாப்ள?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "உண்மையான சூடு பதிவாச்சுன்னா, சோதனைக்கு வர்ற அதிகாரிங்க ஒரு மாசம் மிஷின நிறுத்தச் சொல்லுவாங்க மச்சான். என் வேலை போயிடும். நம்ம வீட்டுப் பொண்ணுதான் கஷ்டப்படும்."

"என் தங்கச்சிய இதுல இழுக்காதீங்க. நான் வெந்து செத்தா மட்டும் அவ சிரிப்பாளா?"

"குடும்பக் கதையெல்லாம் வெளிய வச்சுக்குங்க" என்றார் முதலாளி. "ஸ்டார்ட் பண்ணும்மா."

அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டார். "பின்பக்கம் குரல் வரலியேங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணெய்க்காரரும் திறக்கவில்லை.

"மாப்ள, நீங்க போட்ட படம்தானே? நீங்களே போய் நின்னு குரல் குடுங்க" என்றேன்.

அவர் போனார். மஞ்சள் கோடுவரை போனார். அதற்கு மேல் கால் எழவில்லை.

"சொல்லித் தொலைய்யா!" என்று முதலாளி கத்தினார். மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார், கோட்டைத் தாண்டவில்லை. அவ்வளவு பயம் இருந்தும்தானே என்னை அங்கே நிறுத்தினார்! எனக்கு ஆறவே இல்லை. இனி எந்த முகத்தோடு என் தங்கை வீட்டுப் படி ஏறுவேன்?

ஏழு மணிக்கு அடுத்த ஷிப்டுக்காரர்கள் பத்துப் பேர் உள்ளே வந்தார்கள். நடந்ததை அக்கா நாலு வார்த்தையில் சொன்னார்.

"இவங்க எல்லாரும் கேட்டுக்கு வெளிய" என்றார் முதலாளி. "உங்கள்ல ஒருத்தன் வந்து குரல் குடுத்தா போதும்."

ஒருவரும் நகரவில்லை. பிறகு ஒருவர் சாப்பாட்டு டப்பாவைச் சுவரோரம் வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். இன்னொருவர் வந்தார். பத்துப் பேரும் வந்தார்கள். எங்கள் வேலை இருக்குமா போகுமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அறையில் ஒரு குரல் எழவில்லை.

எண்ணெய்க்காரர் மட்டும் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். இடது கையால் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பழைய வட்டத்தின் மேலேயே மறுபடி அழுத்தி வட்டம் போட்டார். முதலாளி பக்கம் திரும்பினார்.

"இங்க வைங்க. வச்சு, உள்ளத உள்ளபடி காட்டட்டும். அப்ப நானே சொல்றேன், பின்பக்கம் சரின்னு."